பாகூர் டாக்டரின் ஹார்டு டிஸ்க்

போன மாதம் வில்லியனூரிலிருந்து சுமதி போன் செய்தாள். நான் வேலை பார்த்த சர்வீஸ் கடையில் இப்போது என் இடத்தில் உட்கார்ந்திருப்பவள். ஒரு பள்ளிக்கூடத்து ஹார்டு டிஸ்க் வந்திருக்கிறதாம். ஒயரை மாட்டியதும், டிரைவில் பிழை இருக்கிறது, சரிசெய்யவா என்று கம்ப்யூட்டர் கேட்கிறதாம். சரி என்று கொடுத்துவிடட்டுமா என்றாள். எதையும் அழுத்தாதே, முதலில் ஒயரைப் பிடுங்கு என்றேன். சொன்னபோது என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது. அவள் பிடுங்கிவிட்டு, எதுக்குக்கா இவ்ளோ பயப்படுறீங்க என்று சிரித்தாள். போனில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை. அதனால் எழுதுகிறேன்.

நான் பாகூர்க்காரி. அப்பா கரும்பு போட்டவர். பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் முடித்த கையோடு ஒரு ஃபேக்டரியில் கம்ப்யூட்டர் போர்டுகளுக்குச் சால்டரிங் வைக்கும் வேலை கிடைத்தது. எட்டு வருஷம் பார்த்தேன். ஃபேக்டரியை மூடினார்கள். அதன் பிறகுதான் வில்லியனூர் கடைத்தெருவில் அந்துவான் சாரின் கடையில் சேர்ந்தேன். ஊரில் அவரை யாரும் சார் என்று கூப்பிட்டு நான் கேட்டதில்லை. முசே என்பார்கள். பழைய பிரெஞ்சுக்காரர் காலத்து மரியாதை. அவருடைய அப்பாவுக்கு இருந்த பெயர் மகனுக்கும் ஒட்டிக்கொண்டது.

முசே சத்தமாகப் பேச மாட்டார். தன்னைவிட முப்பது வயது சின்னவர்களையும் 'நீங்க' என்றுதான் சொல்வார். ஒரு ஹார்டு டிஸ்க் கைக்கு வந்தால் முதலில் வாட்சைக் கழற்றி வைப்பார். சோப்புப் போட்டுக் கை கழுவுவார். டிஸ்க்கைக் காதருகே வைத்து, கரண்ட் கொடுத்து, அது சுற்றும் சத்தத்தைக் கேட்பார். பிறகு ஒரு வெள்ளைத் தாளில் அது வந்த தேதி, யாருடையது, என்ன சத்தம், அதற்கு முன்னால் யார் என்ன செய்தார்கள் என்றெல்லாம் எழுதி டிஸ்க்கோடு ரப்பர் பேண்டு போட்டு வைப்பார். அசலைத் தொடவே கூடாது. முதலில் அப்படியே இன்னொரு டிஸ்க்கில் நகல் எடுக்க வேண்டும். எந்த வித்தையாக இருந்தாலும் நகலில்தான் காட்ட வேண்டும். இதுதான் அவருடைய ஒரே சட்டம். நகல் எடுக்க மூன்று நான்கு மணி நேரம் ஆகும். சுத்த வேலைமெனக்கேடு என்று எனக்குள் ஓர் எண்ணம்.

அந்த எண்ணம் வளர ஒரு காரணமும் இருந்தது. வில்லியனூர் போட்டோ ஸ்டுடியோ ஒன்றின் கல்யாணப் படங்கள் திறக்காமல் போய், ஸ்டுடியோக்காரர் அழாத குறையாக வந்து நின்றார். முசே அப்போது வெளியே போயிருந்தார். நான் விண்டோஸிலேயே இருக்கும் டிஸ்க் ரிப்பேர் சாஃப்ட்வேரை நேராக அசல் டிஸ்க்கிலேயே ஓடவிட்டேன். பத்தே நிமிஷத்தில் எல்லாப் படமும் வந்துவிட்டது. முசே திரும்பி வந்து கேட்டுவிட்டு, "அதிர்ஷ்டம்" என்று மட்டும் சொன்னார். நான் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டேன். அதன் பிறகு அவர் இல்லாத நேரங்களில் பல டிஸ்க்குகளை அப்படியே சரிசெய்தேன். ஒன்றும் ஆகவில்லை.

பாகூரில் ஒரு குழந்தை டாக்டர் இருந்தார். வலிப்பு வரும் பிள்ளைகளை அவரிடம்தான் கொண்டுபோவார்கள். கடலூர்ப் பக்கத்திலிருந்துகூட வருவார்கள். எழுத்து வேலை பிடிக்காமல் யாரோ ஒருவரிடம் சின்னதாக ஒரு புரோகிராம் எழுதி வாங்கி, எல்லாக் குறிப்பையும் கம்ப்யூட்டரிலேயே வைத்திருந்தார். பிள்ளைகள் கையில் ஓ.பி. நம்பர் எழுதின ஓர் அட்டை மட்டும் இருக்கும். ஒருநாள் அவர் நோயாளியைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நாற்காலியிலிருந்து சரிந்தார். பக்கவாதம். பேச்சு போய்விட்டது. அந்தப் பதற்றத்தில் யாரோ கால் தடுக்கி கம்ப்யூட்டரின் பிளக் பிடுங்கிக்கொண்டது. அதற்குப் பிறகு கம்ப்யூட்டர் கிளம்பவில்லை.

மூன்று நாள் கழித்து அவருடைய கம்பவுண்டர் சேகர் அதைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்தார். முசே அன்று பார்ட்ஸ் வாங்கச் சென்னை போயிருந்தார். டாக்டர் திரும்ப மாசக்கணக்கு ஆகும், அவசரமில்லை என்றார் சேகர். நான் டிஸ்க்கைக் கழற்றி என் கம்ப்யூட்டரில் மாட்டினேன். சுற்றும் சத்தத்துக்கு நடுவே நகத்தால் மேசையைத் தட்டுகிற மாதிரி ஒரு சின்னச் சத்தம். கேட்டேன். கேட்டும் பொருட்படுத்தவில்லை.

ரிப்பேர் சாஃப்ட்வேரை ஓடவிட்டேன். பாதியில் நின்று, தொடர்பு அறுந்த துண்டுகள் இருக்கின்றன, அவற்றைத் தனித்தனி ஃபைல்களாக மாற்றவா என்று கேட்டது. 'ஒய்' என்றால் சரி, 'என்' என்றால் வேண்டாம். ஒய் அழுத்தினேன்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒரு பெரிய ஃபைல் டிஸ்க்கில் ஒரே இடத்தில் இருக்காது. துண்டு துண்டாகச் சிதறிக் கிடக்கும். எந்தத் துண்டுக்குப் பின் எந்தத் துண்டு என்று ஓர் அட்டவணை இருக்கும். அந்த அட்டவணையில் குழப்பம் வந்தால் ரிப்பேர் சாஃப்ட்வேர் அட்டவணையைத்தான் ஒழுங்கு செய்யும். உங்கள் ஃபைலைக் காப்பாற்றுவது அதன் வேலையே இல்லை. பொருந்தாததை வெட்டி எறிந்துவிட்டு, டிஸ்க் இப்போது சுத்தமாக இருக்கிறது என்று சொல்லும். பொய்யும் இல்லை. சுத்தமாகத்தான் இருக்கும்.

முடிந்ததும் திறந்து பார்த்தேன். டாக்டரின் ஃபைல் பெயரோடு இருந்தது, உள்ளே ஒன்றுமில்லை. அளவு பூஜ்யம். பக்கத்தில் புதிதாக ஒரு ஃபோல்டர். அதில் நம்பர் மட்டும் போட்ட முந்நூற்றுச் சொச்சம் துண்டுகள்.  கம்ப்யூட்டரை அணைத்தேன். டிஸ்க்கை எடுத்து டிராயரில் வைத்து மூடினேன். நாளாகும் என்று சேகருக்குப் போனில் சொன்னேன். முசேவுக்குப் போன் செய்யவில்லை. அன்று சாயங்காலம் பாகூர் பஸ்ஸில் டாக்டரின் கிளினிக் வாசலைக் கடந்தபோது மறுபக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டேன். மாசக்கணக்கில் நேரம் இருக்கிறது, அதற்குள் எப்படியாவது சரிசெய்துவிடலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மறுநாள் காலை கடை திறக்கும்போதே வாசலில் சேகர் நின்றார். கூடவே கைலி கட்டிய ஒரு ஆள். கண் இரண்டும் சிவந்திருந்தது. பனித்திட்டுக்காரர், பெயர் ஏழுமலை, கடலுக்குப் போகிறவர். அவருடைய ஆறு வயது மகள் காவியாவுக்கு முந்தின நாளிலிருந்து வலிப்பு விட்டுவிட்டு வருகிறது. டவுனில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். கொடுத்த மருந்து பாதிதான் கேட்கிறது, அடுத்த மருந்தைத் தொடங்க வேண்டும். அங்கிருந்த டாக்டரம்மா, இதற்கு முன் எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாமல் போயிருக்கிறதா என்று கேட்டிருக்கிறார். ஒரு மாத்திரை கொடுத்து உடம்பெல்லாம் கொப்புளம் வந்து, வாய் வெந்துபோய், பிள்ளை பிழைத்ததே பெரிசு என்று தாய் சொல்லியிருக்கிறாள். எந்த மாத்திரை என்று தெரியவில்லை; வலிப்பு நின்று மாத்திரையை விட்டே ஒரு வருஷமாகிறது. அந்த மாதம் மாற்றி மாற்றிக் கொடுத்த இரண்டு மாத்திரையின் பெயர் மட்டும் ஞாபகம் இருக்கிறது. ஆஸ்பத்திரியில் அடுத்துக் கொடுக்க யோசிப்பதும் அந்த இரண்டில் ஒன்றைத்தான். தப்பானதைக் கொடுத்தால் மறுபடி கொப்புளம். இந்த முறை பிழைக்குமா என்று சொல்ல முடியாது. பழைய மருந்துக்கடைச் சீட்டெல்லாம் மழையில் கூரை ஒழுகி நாசமாகிவிட்டது. தெரிந்த ஒரே மனுஷர் பேச்சில்லாமல் படுத்திருக்கிறார். மற்றபடி அந்தத் தகவல் இருந்த ஒரே இடம் என் டிராயர்.

இரவே சென்னையிலிருந்து திரும்பியிருந்த முசே பின்னாலேயே வந்தார். சேகர் சொன்னதை முழுக்கக் கேட்டார். என் முகத்தைப் பார்த்தார். உள்ளே கூப்பிட்டார்.

"என்ன அழுத்தினீங்க?"

நான் சொல்லாமலே அவருக்குத் தெரிந்திருந்தது. எல்லாவற்றையும் சொன்னேன். தட்டுகிற சத்தம் கேட்டதையும் சொன்னேன். அவர் திட்டவில்லை. வெள்ளைத் தாளை என் முன் வைத்து, செய்ததை வரிசைப்படி எழுதச் சொன்னார்.  எழுதி முடித்ததும் வாங்கிப் படித்தார்.

"இதைப் போய் அந்த மனுஷன்கிட்ட சொல்லுங்க. அவர் வேற எங்கயாவது கொண்டுபோறதுன்னா கொண்டுபோகட்டும். அப்புறம் ஆரம்பிக்கலாம்."

அந்த ஆறேழு அடி தூரத்தை நடந்ததுபோல நான் எங்கேயும் நடந்ததில்லை. ஏழுமலை ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். நேற்று நான் செய்த தவறால் உங்கள் மகளின் குறிப்பு சிதறிப்போய்விட்டது, கிடைக்குமா என்று தெரியாது என்றேன். அடிப்பார் என்று நினைத்தேன். அவர் தரையைப் பார்த்தபடியே சொன்னார்.

"எனக்கு இதெல்லாம் இன்னான்னு தெரியாதுக்கா. நீதான் கலச்ச, நீயே எட்த்துக் குடு."

கடிந்து சொன்னதாகவே இல்லை. அதுதான் என்னை உலுக்கியது.

முசே வாட்சைக் கழற்றினார். கை கழுவினார். டிஸ்க்குக்குக் கரண்ட் கொடுத்துக் காதில் வைத்தவர், என்னிடமும் நீட்டினார். நேற்று நகத்தால் தட்டியது இப்போது விரல் முட்டியால் தட்டுவதுபோல இருந்தது. நான் ஓடவிட்ட சாஃப்ட்வேர் அரை மணி நேரம் இந்த நோஞ்சான் டிஸ்க்கை மூலைமுடுக்கெல்லாம் ஓட்டி அடித்திருந்தது. இன்னும் ஒரு தடவைதான் தாங்கும் என்றார் முசே.

வேறொரு கம்ப்யூட்டரில், டிஸ்க்கில் தானாக எதையும் எழுதிவிடாத சிஸ்டம் உள்ள ஒரு சி.டி.யைப் போட்டுக் கிளப்பினார். நகல் எடுக்கிற அந்தப் புரோகிராம் முதலில் நல்ல இடங்களையெல்லாம் வேகமாக வாரிக்கொள்ளும். மக்கர் செய்யும் இடங்களைக் குறித்து வைத்துக்கொண்டு கடைசியில் திரும்பி வரும். டிஸ்க் சூடாகாமல் இருக்க டேபிள் ஃபேனைத் திருப்பி வைத்தோம். திரையில் ஒரு எண் மெதுவாக ஏறியது. சத்தம் வரும்போதெல்லாம் எண் நின்றது. நின்றபோதெல்லாம் ஏழுமலை என்னைப் பார்த்தார். அவருக்குப் போன் வந்துகொண்டே இருந்தது. ஒவ்வொரு தடவையும் எடுத்து, "இன்னும் இல்லடி" என்று சொல்லி வைத்தார். கடைசியாக வந்த போனில் மறுமுனையில் அழுகைச் சத்தம் எனக்கே கேட்டது. மறுபடியும் வந்துடுச்சாம் என்றார்.

ஒரு மணிக்கு மேல் நகல் முடிந்தது. ஒரு சில இடங்கள் வரவே இல்லை. அந்த இடங்களில்தான் காவியா இருக்கிறாளா என்று யாருக்கும் தெரியாது. டிஸ்க் அதோடு சரி. பிறகு ஒருநாளும் சுற்றவில்லை.

ஃபைலாகத் திறக்கவே முடியாது. அதனால் நகல் முழுவதையும் வெறும் எழுத்துக் குவியலாக வைத்து, காவியா என்ற பெயரை ஆங்கில எழுத்தில் தேடச் சொன்னேன். புரியாத குறிகளுக்கு நடுவில் அங்கங்கே வார்த்தைகள் மிதந்தன. இருபது நிமிஷத்தில் பெயர் கிடைத்தது. அதற்குப் பின்னால் ஒரு வலிப்பு மருந்தின் பெயர். வால்ப்ரோயேட். அதற்குப் பின்னால் ஸ்டாப். அதோடு துண்டு முடிந்துவிட்டது.

நிறுத்தச் சொல்லியிருக்கிறார். இரண்டு மருந்தில் இதுவும் ஒன்று. கிடைத்துவிட்டது என்று கத்தினேன். ஏழுமலை எழுந்துவிட்டார். ஆஸ்பத்திரி நம்பர் எழுதிய சீட்டை எடுத்துக்கொண்டு நான் போனருகே போய் இரண்டு எண்களை அழுத்தியும் விட்டேன். முசே கையை நீட்டிப் போனை வைத்தார்.

"எந்தக் காவியா?"

எனக்குப் புரியவில்லை. அந்தப் பக்கத்தில் அந்த வயசில் எத்தனை காவியா இருக்கும் என்றார். சேகரைக் கேட்டார். சேகர் யோசித்துவிட்டு, பூரணாங்குப்பத்திலிருந்து ஒரு காவியா வரும், அதற்கும் வலிப்புதான் என்றார்.

ஏழுமலை எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார். ஓ.பி. அட்டை எங்கே என்று கேட்டோம். வீட்டில் சாமி படத்துக்குப் பின்னால் இருக்கலாம், கூரை ஒழுகின இடம் அது இல்லை என்றார். பனித்திட்டில் இருக்கும் தன் தங்கைக்குப் போன் போட்டார். அவள் தேடுகிற நேரம் முழுக்கப் போன் திறந்தே இருந்தது. பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது. அட்டை கிடைத்தது. நம்பரை ஒவ்வொரு எழுத்தாகப் படிக்கச் சொல்லி எழுதிக்கொண்டேன். திரும்ப ஒருமுறை படிக்கச் சொன்னேன்.

அந்த நம்பரை வைத்து ஒவ்வொரு துண்டாகத் தேடினேன். முதல் துண்டில் இல்லை. ஐம்பதாவதில் இல்லை. நூறைத் தாண்டியும் இல்லை. அப்போது மணி மூன்றிருக்கும். முசே என் பின்னால் நின்றார்.  இருநூற்றுப் பதினெட்டாவது துண்டில் நம்பர் வந்தது. காவியா, தகப்பனார் ஏழுமலை, பனித்திட்டு. அதன்கீழ் வரிசையாகத் தேதிகள். டாக்டர் எப்போதும் சி.பி.இசட். என்று சுருக்கி எழுதும், அந்த இரண்டில் மற்றொரு மருந்து. ஒன்பது நாள் கழித்து: சி.பி.இசட். கொடுத்து உடம்பெங்கும் கொப்புளம், வாயில் புண், உடனே நிறுத்தப்பட்டது, இந்தக் குழந்தைக்கு இனி ஒருபோதும் கொடுக்கக் கூடாது. அடுத்த வரியில், வால்ப்ரோயேட் ஆரம்பம், நன்றாக ஒத்துக்கொள்கிறது.

முதலில் கிடைத்தது பூரணாங்குப்பத்துக் காவியாவின் குறிப்பு. அவளுக்கு வாந்தி வந்ததால் நிறுத்தியிருந்தார் என்பது பின்னால் தெரிந்தது. நான் அந்தப் போனைச் செய்திருந்தால், ஒத்துக்கொள்கிற மருந்தை வேண்டாம் என்று சொல்லியிருப்பேன். அவர்கள் மற்றதைக் கொடுத்திருப்பார்கள். போனில் அழுத்திய அந்த இரண்டு எண்கள் விரல் நுனியில் இன்னும் இருப்பதுபோல இருந்தது. 

இப்போது முசே போனை என் பக்கம் நகர்த்தினார். அவரே பேசுவார் என்று நினைத்திருந்தேன். அவர் பேசவில்லை. டாக்டரம்மா லைனில் வந்தார். நம்பர், அப்பா பெயர், ஊர், தேதி, குறிப்பு என்று இருந்ததை இருந்தபடி படித்தேன்.

"நிச்சயமா இந்தக் குழந்தையோடதுதானா?"

திரையை மறுபடி ஒருமுறை பார்த்தேன். நம்பரும் அப்பா பெயரும் ஊரும் இந்தக் குறிப்பும் அறுபடாமல் ஒரே துண்டில் இருக்கின்றன, இதுவரை நிச்சயம் என்றேன். இதற்குப் பிறகு மூன்று வரி அழிந்திருக்கிறது, அதில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது என்றும் சொன்னேன். அவர் ஒருமுறை எல்லாவற்றையும் திருப்பிச் சொல்லச் சொல்லி எழுதிக்கொண்டார். தேங்க்ஸ் என்று வைத்துவிட்டார்.

ஏழுமலை அப்போதே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார்.   மறுநாள் மத்தியானம் வரை ஒரு சேதியும் இல்லை. போன் அடிக்கும்போதெல்லாம் முசேதான் எடுத்தார். நான் எழுந்து பின்பக்கம் போய்விடுவேன். மூன்று மணிக்குச் சேகர் போன் செய்தார். விடிந்ததிலிருந்து வலிப்பு வரவில்லை, கண் திறந்து தண்ணீர் கேட்டாளாம். கழிப்பறையில் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். பத்து நாள் கழித்து வீட்டுக்கு அனுப்பினார்கள். ஏழுமலை அதன் பிறகு கடைப்பக்கம் வரவில்லை. வர வேண்டிய அவசியமும் இல்லை.

வேலை அதோடு முடியவில்லை. டாக்டரிடம் வந்த எல்லாப் பிள்ளைகளின் குறிப்பையும் அந்தத் துண்டுகளிலிருந்து எடுத்து, நம்பரும் பெயரும் ஊரும் பொருந்தினால் மட்டும் பிரிண்ட் போட்டு சேகரிடம் கொடுத்தேன். மூன்று வாரம் ஆனது. கடைசியில் நாற்பது குறிப்புகள் மிஞ்சின. மருந்து இருக்கிறது, பிள்ளையின் பெயர் இல்லை. அவற்றில் ஒன்றில் இனி ஒருபோதும் கொடுக்கக் கூடாது என்று இருந்தது. யாருக்கு? அந்தத் தாளைப் பார்க்கும்போதெல்லாம் ஏதோ ஓர் ஊரில் ஒரு பிள்ளை மாத்திரைக்கு வாயைத் திறப்பது போலவே எனக்குத் தோன்றும்.

டாக்டர் வீடு திரும்பியதும் முசே என்னை அழைத்துக்கொண்டு போனார். டாக்டரால் பேச முடியவில்லை, கேட்டால் புரிந்தது. நான் செய்ததை அவரிடமும் சொன்னேன். அவர் கண்ணை மூடித் திறந்தார். நாற்பது குறிப்புகளையும் ஒவ்வொன்றாகப் படித்தேன். சேகர் பிள்ளைகளின் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தார். சரியான பெயர் வந்தால் டாக்டர் இடது கையால் கட்டில் விளிம்பைத் தட்டுவார். ஒரு நாளில் முடியவில்லை. நான்கு நாள் போனோம். முப்பத்தொரு குறிப்புக்குத் தட்டினார். அந்த 'ஒருபோதும்' குறிப்புக்கும் தட்டினார். கரையாம்புத்தூர்ப் பையன் ஒருவன். ஒன்பது குறிப்புகள் கடைசி வரை யாருடையது என்று தெரியாமலே போயின. அவற்றை என்ன செய்வதென்று தெரியாமல் சேகரிடமே கொடுத்துவிட்டேன்.

அதற்குப் பிறகு பதிமூன்று வருஷம் அதே நாற்காலியில் வேலை பார்த்தேன். முசே கண் ஆபரேஷன் செய்துகொண்டு, கடையைத் தம்பி மகனிடம் கொடுத்துவிட்டு வீட்டோடு இருந்துவிட்டார். நான் ஒவ்வொரு டிஸ்க்கையும் நகல் எடுத்தேன். ஒவ்வொரு தடவையும் கை சில்லிட்டது. அது ஒரு வியாதியோ என்றுகூட நினைத்ததுண்டு.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு வக்கீலின் லேப்டாப் வந்தது. காலை நேரம், கடையில் கூட்டம். யாரோடோ பேசிக்கொண்டே டிஸ்க்கை மாட்டினேன். சரிசெய்யவா என்று கேட்டது. அழுத்தினேன். எல்லா ஃபைலும் இருந்தது. வக்கீல் வாங்கிக்கொண்டு போய்விட்டார். டீ வந்தது. பாதி டீ குடித்த பிறகுதான் நான் செய்தது என்ன என்று உறைத்தது. கையைப் பார்த்தேன். நடுங்கவில்லை. சில்லென்றும் இல்லை. அழுத்தும்போது எனக்கு எந்த எண்ணமும் வந்திருக்கவில்லை.

டம்ளரை வைத்துவிட்டு முசேவுக்குப் போன் செய்தேன். நடந்ததைச் சொன்னேன். ஒன்றும் போகவில்லை, எல்லாம் இருக்கிறது என்றேன். 

"எப்ப வேலையை நிறுத்தப் போறீங்க?" என்றார்.

"இந்த மாசக் கடைசியில முசே."

"இன்னைக்கே நிறுத்துங்க" என்றார்.

நிறுத்திவிட்டேன்.